கணவாய்க் கோட்டையில் விளக்குப் பிடித்தவன்

1

ஜப்பானுக்கு வந்து சேர்ந்த நாளை வருஷா வருஷம் நான் மத்திக் குழம்பு வைத்துத்தான் கொண்டாடுவது. கேக் வெட்டும் அளவுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. பட்டினி கிடக்கும் அளவுக்குத் துக்கமும் இல்லை. இந்த வருஷத்தோடு பதினேழு ஆகிறது. டோக்கியோவிலிருந்து வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும் எங்கள் ஊருக்கு. கடலூர் சிப்காட்டில் பம்பும் வால்வும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன், இங்கேயும் பம்பும் வால்வும்தான் பழுது பார்க்கிறேன். சட்டையின் நிறம்தான் மாறியிருக்கிறது. அதுவும் துவைத்துத் துவைத்து பழைய நிறத்துக்கே வந்துகொண்டிருக்கிறது.

அன்று மீன் வாங்கப் போன இடத்தில்தான் விஷயம் தொடங்கியது. என் மகள் நிலாவின் சிநேகிதி ஹருகா. அந்தப் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். “பள்ளி விழாவில் சந்திப்போம். என் வீட்டுக்காரர் இப்போதே அந்த நாற்பது பெயரையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். நீங்கள் எதுவரைக்கும் பார்த்திருக்கிறீர்கள்?” என்றார். எந்த நாற்பது, எதைப் பார்ப்பது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே ஒன்று விளங்காதபோது என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். அவரைவிட ஒரு தடவை கூடுதலாகக் குனிந்து, “ஆமாம், ஆமாம்” என்று சொல்லிவிட்டு மீனோடு வந்துவிட்டேன்.

சாப்பிடும்போது நிலாவிடம் கேட்டேன். அவளுக்குப் பதினாறு வயது.

“பள்ளிக்கூடத்துல ஏதோ விழாவாமே?”

“ஆமா.” மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

“அதுக்கு அப்பா அம்மாவும் எதயோ பாத்து நாப்பது பேரு மனப்பாடம் பண்ணணுமாமே?”

முள் எடுப்பது நின்றது. “யாரு சொன்னாங்க?”

சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பள்ளியில் அவள் அனிமே கழகத்தில் இருக்கிறாள். பொம்மைப் படத் தொடர்களைப் பார்த்துப் பேசுகிற கூட்டம் அது. பிரபலமான ஒரு தொடருக்கு இப்போது முன்கதைத் தொடர் வந்திருக்கிறது. விழா அன்று கழகத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பெற்றோரில் ஒருவரை அழைத்து வர வேண்டும். அவர் அந்த முன்கதையைப் பார்த்துவிட்டு மூன்று நிமிஷம் மதிப்பிட்டுப் பேச வேண்டும்; பத்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும்.

“நீ வர வேணாம்பா,” என்றாள் நிலா. “கோவமா சொல்லல. வேணாம், அவ்ளோதான்.”

“ஏன்?”

“நீ பேசுனா எல்லாரும் சிரிப்பாங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என் ஜப்பானிய மொழி பள்ளிக்கூடத்தில் படித்தது அல்ல; தொழிற்சாலையில் காதால் கேட்டது. பம்ப் கழற்றும்போது ஃபோர்மேன் என்னிடம் பேசுவது எதுவோ அதுதான் எனக்குத் தெரிந்த பாஷை. போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை மிகப் பணிவாக, “ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?” என்றார். நானும் பணிவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னேன். நம்மூரில் அதைச் சொன்னால், “நீ சொல்லும்மே, நான் கேட்டுக்குறேன்” என்று வரும். நிலா அன்று வீடு வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

இருந்தாலும் வலித்தது. பெற்ற பிள்ளை நம்மை நாலு பேர் நடுவில் நிறுத்தத் தயங்குகிறது என்றால் வலிக்கத்தான் செய்யும். என் மனைவி ஜெசிந்தா, “விடுங்களேன், அவ இஷ்டம்” என்றாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். விழா அன்று அவளுக்கு ட்யூட்டி. போனால் நான் போக வேண்டும், இல்லாவிட்டால் நிலாவுக்கு யாரும் இல்லை. அவள் யாரும் இல்லாமல் இருப்பதற்கு ஏற்கெனவே தயாராகிவிட்டாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் வருவேன்,” என்றேன்.

“நீ ஒரு எபிசோடுகூடப் பாத்தது இல்ல.”

“பாக்கறேன்.”

“மொதல் தொடரும் பாக்கணும். அப்பதான் முன்கதை புரியும்.”

“அதயும் பாக்கறேன்.”

“நாப்பது பேருப்பா அதுல.”

“எங்க பாஸ்காவுல அதுக்கும் ஜாஸ்தி.”

அவளுக்கு அது என்னவென்று தெரியாது. “அப்பறம் பாக்கலாம்,” என்று எழுந்து போனாள். எங்கள் வீட்டில் ‘அப்பறம் பாக்கலாம்’ என்றால் நடக்காது என்று அர்த்தம். அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவன் நான்தான்.

2

முதல் தொடரின் கதை இதுதான். மலைக் கணவாய் ஒன்றில் ஒரு கோட்டை. யாரோ கதவைத் திறந்துவிட, எதிரிகள் புகுந்து உள்ளே இருந்த நாற்பது பேரையும் கொன்றுவிடுகிறார்கள். தப்பித்தது கழுதை முதுகில் ஒரு கூடைக்குள் கிடந்த கைக்குழந்தை மட்டும், ரின் என்று பெயர். அவள் வளர்ந்து, இடுப்பில் வாளோடு, அன்று தன்னைக் கோட்டைக்கு வெளியே அனுப்பிக் காப்பாற்றியது யார் என்று தேடி ஊர் ஊராக அலைகிறாள். கடைசிவரைக்கும் தெரியவில்லை. இறந்தவர்கள் நாற்பது பேரும் ஒரு நடுகல்லில் வெறும் பெயர்களாக இருக்கிறார்கள்.

முன்கதை அந்தத் தாக்குதலுக்கு ஒரு வருஷம் முன்னால் தொடங்குகிறது. அந்தப் பெயர்கள் இப்போது உயிரோடு கஞ்சி குடிக்கின்றன, சீட்டு ஆடுகின்றன, குளிரில் மூக்கு உறிஞ்சுகின்றன. எல்லாரும் சாகப்போகிறார்கள் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. குழந்தையைக் காப்பாற்றியது தளபதியா, உபதளபதியா என்று ரசிகர்களுக்குள் பெரிய சண்டை. நிலா தளபதி கட்சி.

காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, உலை வைத்துவிட்டு உட்காருவேன். முதல் தொடரை எப்படியோ முடித்துவிட்டேன். அதில் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். முன்கதையில்தான் திணறிப் போனேன். நாற்பது பேருக்கும் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி. பெயர்களெல்லாம் வாயில் நிற்காது. மூன்றாவது எபிசோடில் ஒருவன் பனிச்சரிவில் விழுந்து செத்துப்போனான். நல்ல பையன் என்று நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன். நாலாவது எபிசோடில் அவனே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். செத்தது அதே உடுப்பில் வெளியிலிருந்து செய்தி கொண்டுவந்த வேறொருத்தன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இவர்களுக்கு எனக்குத் தெரிந்த பெயர்களை வைத்துவிட்டால் என்ன? கோட்டையின் தலைமைச் சமையல்காரர் வயிற்றைத் தட்டிக்கொண்டே திட்டுகிறவர். அவரை சூசை மாமா ஆக்கினேன். தளபதிக்கு நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் டெய்லர் வின்சென்ட்டின் பெயர். கோவேறு கழுதைகளை ஓட்டி வரும் பெண், யார் என்ன சொன்னாலும் ஒரு பதில் வைத்திருப்பவள். எங்கள் ஊர்க் கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்காவைத் தவிர வேறு யாராகவும் அவள் இருக்க முடியாது. இப்படி ஒரு வாரத்துக்குள் கணவாய்க் கோட்டை முழுவதும் கடலூர்க்காரர்கள் குடியேறிவிட்டார்கள்.

3

பாஸ்கா என்றால் என்னவென்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவது. எங்கள் கோயில் பங்கில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதும் ஒத்திகை தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் விட்டபின் வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு நடக்கும். வேஷம் ஐம்பதுக்கு மேல். செம்மங்குப்பத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் வேலை முடிந்து வருகிறவர்கள் சைக்கிளைச் சாத்திவிட்டு நேராக எருசலேமுக்குள் நுழைவார்கள்.

உடுப்பு சிதம்பரத்திலிருந்து வாடகைக்கு வரும். மேல வீதிப் பக்கம் தெருக்கூத்துக்கும் நாடகத்துக்கும் உடுப்புக் கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. போன வாரம் துரியோதனன் தலையில் இருந்த கிரீடம் இந்த வாரம் ஏரோதுவின் தலையில் இருக்கும். போர்வீரர்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் ஒரே சிவப்புச் சட்டை. ஒல்லியானவனுக்குத் தொங்கும், பருத்தவனுக்குப் பிதுங்கும். அதனால் எங்கள் ஊரில் ஒருவனை உடுப்பை வைத்து அடையாளம் காண முடியாது. ஈட்டியை எப்படிப் பிடிக்கிறான், எப்படி நிற்கிறான் என்று பார்த்துத்தான் சொல்வோம். கோட்டைக் காவலர்களையும் கடைசியில் அப்படித்தான் பிரித்தேன்.

அங்கே வேஷம் ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். அப்பா செய்ததை மகன் செய்வான். மகன் வெளிநாடு போனால் தம்பியோ மருமகனோ செய்ய வேண்டும். எங்கள் வீட்டு வேஷம், இயேசுவைச் சாவுக்கு ஒப்படைத்துவிட்டு ஆளுநர் பிலாத்து கை கழுவும்போது தண்ணீர் ஊற்றுகிறவன். வசனம் கிடையாது. தட்டும் செம்புமாகப் போக வேண்டும், ஊற்ற வேண்டும், வர வேண்டும். என் அப்பா அந்தோணிசாமி அதைத்தான் வயசாகும் வரைக்கும் செய்தார். எனக்கு வந்தது, நான் இங்கே வந்தபின் என் தங்கை வீட்டுக்காரர் லூர்து செய்கிறார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு முடிந்து ஒரு நாள் சாயங்காலம் நடித்தவர்களும் பார்த்தவர்களும் அதே வகுப்பறையில் உட்காருவார்கள். யார் எப்படிச் செய்தார்கள் என்று வெளிப்படையாகப் பேசுவார்கள். நாடகத்தை நடத்துகிறவர் சூசை மாமா, ஐஸ் கம்பெனியில் வேலை. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. பேச்சு சின்ன வேஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். “யேசுலேர்ந்து ஆரம்பிச்சா, அவரப் பேசி முடிச்சதும் எல்லாம் டீ குடிக்கக் கிளம்பிருவீங்க. ஈட்டி புடிச்சவன் என்னாத்துக்கு உக்காந்திருப்பான்?” என்பார். அதனால் முதல் பெயர் எப்போதும் என் அப்பாவுடையதுதான். நேரமாகி, இயேசுவைப் பற்றிப் பேசாமலே கலைந்துபோன வருஷங்கள் உண்டு. இயேசு வேஷக்காரர் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை, கோபித்துக்கொள்ளவும் முடியாதே.

4

நிலா முதலில் தன் அறையிலேயே இருந்தாள். பிறகு தண்ணீர் குடிக்க வருகிற சாக்கில் வந்து நின்றாள். ஒரு நாள் சோபாவின் ஓரத்தில் போனோடு உட்கார்ந்தாள்.

“இந்த சூசை மாமாவும் செத்துடுவாரா?” என்று கேட்டேன்.

“யாரு சூசை மாமா?”

“சமையக்காரரு.”

அவள் சிரித்துவிட்டாள். “முன்கதைப்பா இது. எல்லாரும் செத்துடுவாங்க. ஒனக்குத்தான் தெரியுமே.”

“தெரியும். இருந்தாலும் கேட்டன்.”

அதன் பிறகு அவள் உட்காருவது வழக்கமாகிவிட்டது. அஞ்சலை அக்கா யார், டெய்லர் வின்சென்ட் யார் என்று கேட்டாள். சொன்னேன். என் வாயில் வந்த பெயர்களையே அவளும் சொல்ல ஆரம்பித்தாள். சண்டையும் போட்டோம். எனக்குப் பிடிக்காத எபிசோடு ஒன்று உண்டு. முதல் தொடரில் தளபதியின் படத்தில் ஒரு விரல் இல்லாமல் இருக்கும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பார்க்கும்போதே ஒரு பயம் வரும். முன்கதையில் அந்த விரல் எப்படிப் போயிற்று என்று ஒரு முழு எபிசோடு வைத்திருக்கிறார்கள். மரம் வெட்டும்போது போயிற்றாம்.

“இது தேவையே இல்ல,” என்றேன். “முன்கதைன்னா, விட்டுப்போன எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணுமா? விரல் போன கதைய கேட்டு எனக்கு என்னா ஆவப்போவுது?”

“ரசிகருங்க கேட்டாங்கப்பா.”

“கேட்டா குடுத்துடுவாங்களா?”

நடுவில் ஏழெட்டு எபிசோடுகள் தொய்வு. நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு பழைய சோகம் கொடுத்தே தீருவது என்று கிளம்பியதால் வந்த வினை. ஆனால் முதல் எபிசோடில் எல்லாரும் வரிசையில் வந்து கஞ்சி வாங்கும் காட்சி இருக்கிறதே, அதைச் செய்தவன் கெட்டிக்காரன். ஒருவரும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கிண்ணத்தை நீட்டுகிற விதத்திலேயே யார் வெட்கக்காரன், யார் பேராசைக்காரன், யார் வீட்டு நினைப்பில் இருக்கிறான் என்று தெரிந்துவிடுகிறது. இத்தனை பெரிய கூட்டத்தை அப்படித்தான் அறிமுகம் செய்ய வேண்டும். கடைசி எபிசோடும் நன்றாக இருந்தது. கதவு திறந்ததும் எல்லாரும் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள். கதவருகே தொடர் முழுக்க விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவன் மட்டும் ஓடவில்லை. விளக்கை மெதுவாகக் கீழே வைக்கிறான். அவனுக்கு வசனமே இல்லை. நடுகல்லில் பெயர் இருந்தும், எபிசோடு முடிவில் ஓடும் பட்டியலில் ‘காவலன் நான்கு’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு சாயங்காலம் நிலாவே, “சரி, வா விழாவுக்கு,” என்றாள். “ஆனா அம்மாகிட்ட பேச்சு கத்துக்கிட்டு வா.”

ஜெசிந்தாவின் ஜப்பானிய மொழி தேன் ஊற்றியது போலிருக்கும். நாள் முழுக்கத் தாத்தா பாட்டிகளிடம் பேசிப் பேசி வந்தது. தினமும் எனக்குப் பாடம் எடுத்தாள். ஒத்திகையைக் கேட்ட நிலா தலையில் கை வைத்தாள். “அப்பா, இப்ப நீ எல்லாருக்கும் மாத்திரை குடுக்குற மாதிரி பேசுற.”

5

பேச்சு சரியானதும் பெயர் தகராறு வந்தது. விழாவுக்குக் குடும்பத்தாருக்கு மட்டும்தான் அனுமதி. முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மாணவியின் குடும்பப் பெயர் அருள்ராஜ், உங்கள் குடும்பப் பெயர் அந்தோணிசாமி, நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள்.

நம்மூரில் இனிஷியலோடு பிழைக்கிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. பாஸ்போர்ட்டில் இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு விமானம் ஏறுகிறோம். இங்கே இறங்கியதும் அதுதான் நம் பெயர். பதினேழு வருஷமாகத் தொழிற்சாலையிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அருள்ராஜ் என்கிற என் சொந்தப் பெயர் என் மகளிடம் இருக்கிறது. போனில் இதை விளக்கினேன். “அப்படியானால் உங்கள் தந்தையார்தான் வருகிறாரா?” என்று கேட்டார்கள்.

அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது என்று சொல்லத் தெரிந்த அளவுக்கு, பெயர் முறையை விளக்க எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஒரே வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் என்ன உறவு என்று சான்றிதழ் கொடுப்பார்கள். அதில் நிலாவுக்கு எதிரே ‘மகள்’ என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே பள்ளி அலுவலகத்துக்குப் போய் மேஜையில் வைத்தேன். நான் என் மகளுக்கு அப்பாதான் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. இனி மகள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அன்று லூர்து மச்சான் போன் செய்தார். “என்னா மச்சான், பொம்ம படம் பாத்து பரீட்ச எழுதப் போறீங்களாமே? ஜெசிந்தா தங்கச்சி சொல்லிச்சு.”

“ஆமா மச்சான். பேசியே ஆவணும்.”

“பேசுங்க, பேசுங்க. சூசை மாமா மாதிரி நல்லா உக்கார வெச்சிப் பேசுங்க.”

6

வகுப்பறையில் அட்டையால் கோட்டைக் கதவு செய்து வைத்திருந்தார்கள். நாற்பது பேருடைய படமும் சுவரில் இருந்தது. பெற்றோர் ஆறு பேர், பார்க்க வந்தவர்கள் அறை நிறைய. முன் மேஜையில் ஒரு சின்ன மணியோடு நிலா உட்கார்ந்திருந்தாள். நேரம் பார்த்து மணி அடிப்பது அவள் வேலை.

ஹருகாவின் அப்பா திரையில் படம் போட்டு, தளபதியின் குணத்தை மூன்றாகப் பிரித்துப் பேசி, ஒன்பது மார்க் போட்டு முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அடுத்து ஒரு அம்மா உபதளபதியைப் பற்றிப் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் தளபதி, உபதளபதி, குழந்தை என்று பேசினார்கள். கழகத்தைக் கவனிக்கும் மோரி டீச்சர், “அந்தோணிசாமி அவர்களே” என்று அழைத்தார். எழுந்து போனேன்.

“நிலாவின் தந்தை நான். முதலில், கதவருகே விளக்குப் பிடிக்கிறவர்,” என்று தொடங்கினேன்.

அறையில் சிலர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கு எப்போதும் அவர் இடது கையில்தான் இருக்கிறது என்று சொன்னேன். மழையில் விளக்கை உள்பக்கம் அணைத்துப் பிடித்துத் தான் நனைகிறார், வரைந்தவர்கள் இவரை மறக்கவில்லை என்றேன். அடுத்து கிண்ணம் கழுவுகிறவர். அதற்கடுத்து கழுதை ஓட்டும் பெண்; அவளுக்கு நடுவில் ஐந்து எபிசோடு வேலையே கொடுக்காமல் விட்டது தப்பு என்றேன். நாலாவதாக முற்றத்தில் பனி பெருக்குகிறவரை எடுத்தேன். மணி அடித்தது.

மூன்று நிமிஷம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நாற்பது பேரைப் பற்றிப் பேச வேறு வரிசை ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒத்திகைகளில் ஜெசிந்தா என் வார்த்தைகளைத் திருத்தினாளே தவிர, கடிகாரத்தை அவளும் பார்க்கவில்லை. அவளும் கீரப்பாளையத்தில் பாஸ்கா பார்த்து வளர்ந்தவள்தான்.

மோரி டீச்சர் சிரித்த முகத்தோடு, “தளபதியைப் பற்றி ஒரு வார்த்தை?” என்றார்.

“அவரிடம் இன்னும் வரவில்லை,” என்றேன். “நடுவில் நிறைய பேர் இருக்கிறார்கள்.”

அறை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான். நிலா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது சிவந்திருந்தது. அவள் பயந்தது நடந்துவிட்டது.

“மார்க்காவது சொல்லுங்களேன்,” என்றார் டீச்சர்.

அங்கேதான் ஜெசிந்தா ஊற்றிய தேன் வற்றிப்போனது. “எல்லாரயும் பேசி முடிக்காம மார்க் போடுறது எங்க ஊர்ல கெடயாது,” என்று ஃபோர்மேன் பாஷையிலேயே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தப்பாகச் சொன்னதாக எனக்கு இன்னமும் தோன்றவில்லை.

பெற்றோர் முடிந்ததும் பிள்ளைகள் முறை. நிலா தளபதியைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு வாரமாகத் தயார் செய்தது எனக்குத் தெரியும். மணியை ஹருகாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். கையில் இருந்த தாளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“நான் தளபதியைப் பற்றிப் பேசுவதாக இருந்தது,” என்றாள். “என் அப்பா பனி பெருக்குகிறவரிடம் நிறுத்தியிருக்கிறார். நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.”

பனி பெருக்குகிறவர், அதற்கடுத்து முரசு அடிக்கிற கிழவர், அதற்கடுத்து சமையல்காரர். “இவருடைய பெயர் எங்கள் வீட்டில் சூசை மாமா,” என்றாள். ‘சூசை மாமா’ என்பதை மட்டும் தமிழில், கடலூரில் சொல்வது போலவே சொன்னாள். அவள் அவரைப் பார்த்ததே இல்லை. ஹருகா மணி அடித்தாள். நிலாவும் தளபதியிடம் போய்ச் சேரவில்லை. இந்தத் தடவை சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

எனக்குக் கண் கலங்கியது. சுவரில் இருந்த படங்களைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

7

அன்று சாயங்காலம் ஜெசிந்தா ட்யூட்டி முடிந்து வருவதற்குள் மத்திக் குழம்பு வைத்தேன். நிலா பசி தாங்காமல் முதலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் போட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன். பாதிச் சாப்பாட்டில் அவள் கேட்டாள்.

“தாத்தா தண்ணி ஊத்துவாருன்னு சொன்ன இல்ல. அந்தக் கூட்டத்துல அவரப் பத்தி மொதல்ல பேசுவாங்கன்னு சொன்ன இல்ல. என்னா பேசுவாங்க? ஊத்துனாரு, அவ்ளோதான?”

முக்கால்வாசி வருஷம் அவ்வளவுதான் பேசுவார்கள் என்றேன். செம்பு பளபளப்பாக இருந்தது, நடை வேகமாக இருந்தது, இப்படி. ஒரு வருஷம் மட்டும் சூசை மாமா வேறு மாதிரி பேசினார். அப்பா அன்று வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சூசை மாமா சொன்னது போலவே நிலாவிடம் சொல்லிக் காட்டினேன்.

“பிலாத்து கைய கழுவுறப்ப நாம எல்லாரும் பிலாத்து கையத்தான் பாத்துக்கிட்டிருந்தோம். அந்தோணி மட்டும் யேசுவப் பாத்துக்கிட்டே ஊத்துனான். ஒரு சொட்டு வெளிய சிந்தல.”

நிலா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “பாக்காமயே ஊத்துனாரா?”

“ஆமா.”

அவள் எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் டிவியைப் போட்டாள். கடைசி எபிசோடு, கதவு திறக்கிற இடம். எல்லாரும் ஓடுகிறார்கள். தளபதி வாளை உருவுகிறார். ஓரத்தில் காவலன் நான்கு விளக்கைக் கீழே வைக்கிறான். அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடியும் நிறுத்திக் கிட்டத்தில் போய் நின்றாள்.

“அப்பா,” என்றாள். “இவன் கதவப் பாக்கல.”

நானும் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். இதுவரை விளக்கு கீழே போவதையே பார்த்துக்கொண்டிருந்த நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பின்பக்கச் சுவரோரம் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இருட்டில் கழுதை ஒன்று நகர்கிறது. கழுதை முதுகில் கூடை. கூடைக்குள்தான் குழந்தை ரின் இருக்கிறாள்.

“வெளக்க கீழ வெச்சா அந்தப் பக்கம் இருட்டாயிடும்,” என்றாள் நிலா. “யாருக்கும் பாப்பா தெரியாது. அதுக்குத்தான் வெச்சிருக்கான். தளபதி இல்லப்பா, இவன்தான்.” திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “தப்பாவும் இருக்கலாம்,” என்றாள். உடனே தலையை ஆட்டினாள். “இல்ல. இவன்தான்.”

கதவில் சாவி திரும்பியது. ஜெசிந்தா வந்துவிட்டாள். “என்னாங்க, போன காரியம் என்னா ஆச்சு?” என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். நிலா முதல் எபிசோடைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டு, சோபாவில் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

“அப்பா, நீ வா,” என்றாள். “மொதல்லேர்ந்து பாக்கலாம். இவன மட்டும்.”

மீன் கையைக்கூடக் கழுவாமல் போய் உட்கார்ந்தேன்.